மானுக்கு ஓர் இலை, முயலுக்கு ஒரு மொட்டை

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "விடுதி நினைவுகள்" என்று ஏதாவது எழுதித் தந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதை எழுத என்னைவிடத் தகுதியான ஆட்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். (மெஸ் கணக்கில் யார் யாருக்கு இன்னும் பாக்கி என்பது எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது, அதை வேறு மலருக்கு வைத்துக்கொள்கிறேன்.) நான் எழுத வந்தது அம்பு முனைகளைப் பற்றி. இயந்திரவியல் படித்தவனுக்கு அம்பில் என்ன வேலை என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

என் அறைத் தோழன் ஒருவன் இப்போது அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிறான். சில ஆண்டுகளுக்கு முன் வேலை விஷயமாக அங்கே போனவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் தங்கினேன். பக்கத்து வீட்டுக்காரர் வில்லால் வேட்டையாடுகிறவர். அந்த மாநிலத்தில் அக்டோபர் முதல் தேதி வில் வேட்டைக் காலம் தொடங்குகிறது. அவருடைய கார் கொட்டகையில் இரண்டு டப்பாக்கள் இருந்தன. ஒன்றில் சவர பிளேடு மாதிரி மூன்று தகடுகள் பொருத்திய முனைகள். இன்னொன்றில் ரப்பர் மூடி மாதிரி மொட்டையான முனைகள். இரண்டுமே 100 கிரெயின் எடை, அதாவது சுமார் ஆறரை கிராம். "இது மானுக்கு, இது முயலுக்கும் அணிலுக்கும்" என்றார். என் நண்பன் தமிழில் கேட்டான்: "டேய், நீ மெக்கானிக்கல்தானே? ஒரே எடை, ஒரே வில்லு. அப்புறம் ஏன்டா ரெண்டு டப்பா?"

அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். சரியான பதில் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் கிடைத்தது. அந்தப் பதிலின் பாதி நம் படாளத்தைச் சுற்றியே புதைந்து கிடக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. அம்பின் எடை 30 கிராம், வேகம் நொடிக்கு 50 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வில்லிலிருந்து புறப்படும் அம்புக்கு இது நியாயமான அளவு. அதன் இயக்க ஆற்றல் 37.5 ஜூல். இப்போது நம் கல்லூரி அணியின் மிதவேகப் பந்து வீச்சாளரை எடுத்துக்கொள்வோம். பந்து 160 கிராம், மணிக்கு 90 கிலோமீட்டர். அதன் ஆற்றல் 50 ஜூல்! ஆக, மைதானத்தில் தொடையில் அடி வாங்கிவிட்டுத் தேய்த்துக்கொண்டே அடுத்த பந்துக்கு நின்ற நீங்கள், ஒரு அம்பைவிட அதிக ஆற்றலை வாங்கியிருக்கிறீர்கள். மிகைப்படுத்திச் சொல்லவில்லை, போட்டுப் பாருங்கள்.

துப்பாக்கிக் குண்டு மோதும் வேகத்திலேயே பெரும் சேதம் செய்துவிடும். அம்பிடம் அந்தச் சக்தி கிடையாது. அது வெட்டித்தான் கொல்கிறது. அப்படியானால் எல்லாப் பொறுப்பும் கடைசி இரண்டு அங்குலத்தில் இருக்கிறது. அகலமும் கூர்மையும் உள்ள முனை மானின் விலாவுக்குள் புகுந்து ரத்தக் குழாய்களை அறுத்தால் அது சிறிது தூரம் ஓடி விழும். மொட்டை முனையால் அடித்தால் வலியோடு காட்டுக்குள் போய் எங்கேயோ கிடந்து சாகும், வேட்டைக்காரனுக்கும் பயன் இல்லை. முயல் விஷயம் இதற்கு நேர் எதிர். அகல முனை முயலை ஊடுருவிப் புதருக்குள் போய்விடும். இருக்கிற கொஞ்சம் கறியும் கிழிந்து போகும். மரக்கிளையில் உள்ள பறவையைக் குறி வைத்துத் தவறினால் கூர்முனை கிளையில் குத்தி அங்கேயே தங்கிவிடும், மொட்டை முனை தட்டிக் கீழே விழும். சிறிய உயிருக்குத் தட்டுகிற அடி போதும்.

சரி, மானுக்கு எவ்வளவு அகலம்? அகலம் கூடினால் வெட்டு பெரிதாகும், ஆனால் உள்ளே இறங்கும் ஆழம் குறையும். இன்னொரு சிக்கலும் உண்டு. அகலத் தகடு காற்றில் ஒரு சிறகு மாதிரி வேலை செய்யும். அம்புக்குப் பின்னால் இருக்க வேண்டிய சிறகு முன்னாலும் இருந்தால் அது எங்கே திரும்பும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் அகல முனை போட்ட அம்புக்குப் பின்புற இறகும் பெரிதாக வேண்டும். அகலத்தைக் குறைத்து நீளத்தைக் கூட்டினால் ஆப்பு மாதிரி இறங்கும், ஆனால் மெல்லிய முனை எலும்பில் பட்டு மடங்கும். மடங்காமல் இருக்க நடுவில் ஒரு தண்டு விட வேண்டும். இவை எல்லாம் நாம் இரண்டாம் ஆண்டில் படித்து, தேர்வு எழுதி, மறந்த பாடங்கள்தான்.

நிற்க. இந்தப் பிரிவினை மிச்சிகன்காரர் கண்டுபிடித்தது அல்ல. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் பற்றி நமக்குத் தெரியும். பல நூற்றாண்டுகள் பெயரளவில் மட்டுமே அறியப்பட்டிருந்த அந்த நூலின் ஓலைச்சுவடி தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் மூலம் மைசூர் நூலகத்துக்கு வந்து, சாமசாஸ்திரி அதை அடையாளம் கண்டு, 1909இல் அச்சில் கொண்டு வந்தார். அதில் ஆயுதச் சாலைத் தலைவரின் கடமைகளைச் சொல்லும் பகுதியில் அம்பு முனைகளும் வருகின்றன. வெட்டுவதற்கு, துளைப்பதற்கு, அடிப்பதற்கு என்று மூன்று வேலைகள். இரும்பு, எலும்பு, மரம் என்று மூன்று பொருட்கள். ஒரே வரியில் முடித்துவிடுகிறார். வேலையை முதலில் சொல்லிப் பொருளைப் பின்னால் சொல்லும் அந்த வரிசையைப் பார்த்தால், எழுதியவர் பட்டறையில் நின்று பார்த்தவர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நம் இலக்கியத்திலும் இதற்குக் குறைவில்லை. கம்பராமாயணத்தில் கூனி மனத்தில் வைத்திருந்த பழைய வருத்தம், இராமன் சிறுவனாக இருந்தபோது வில்லிலிருந்து அவள் மேல் அடித்த மண் உருண்டையைப் பற்றியது. அம்புக்குப் பதில் களிமண் உண்டையைத் தொடுக்கும் உண்டைவில் அது. சிறிய உயிர்களுக்கும் விளையாட்டுக்கும் ஆன வில். மறு கோடியில் புறநானூற்றில் வன்பரணர் பாடிய வல்வில் ஓரி இருக்கிறார். அவருடைய ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கடந்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் போய்ச் செருகி நிற்கிறது. ஐந்து உயிருக்கும் ஒரே முனை! மேலே போட்ட 37.5 ஜூல் கணக்கை வைத்துக்கொண்டு இந்தப் பாட்டைப் படித்துவிட்டு நான் வெகு நேரம் சிரித்தேன். ஆனால் பெரியதில் தொடங்கிச் சிறியதில் முடியும் அந்த வரிசையை அமைத்த புலவருக்கு எந்த உயிருக்கு எவ்வளவு வலு வேண்டும் என்பது தெரியாமல் இல்லை. தெரிந்ததனால்தானே அது புகழ்ச்சியாகிறது!

இதற்கெல்லாம் மேலாக என்னைக் கவர்ந்தது இலங்கையில் நடந்த ஒரு வழக்கம். ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1660இல் திருகோணமலைக்குப் பக்கத்துக் கொட்டியாரத்தில் கண்டி அரசரின் ஆட்களிடம் பிடிபட்டு, கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் அந்தத் தீவில் சிறைக் கைதியாக வாழ்ந்தவர். 1679இல் தப்பினார். 1681இல் லண்டனில் அவருடைய புத்தகம் வெளிவந்தது. அதில் காட்டில் வாழ்ந்த வேடர்களைப் பற்றி எழுதும்போது அவர் சொல்வது இது. வேடர்களுக்கு இரும்பு முனை வேண்டும், ஆனால் ஊருக்குள் வந்து பேசமாட்டார்கள். இரவில் கொல்லன் பட்டறைக்கு வந்து ஒரு துண்டு இறைச்சியைக் கட்டித் தொங்கவிட்டு, அதன் பக்கத்திலேயே ஓர் இலையையும் வேண்டிய வடிவத்தில் வெட்டித் தொங்கவிட்டுப் போய்விடுவார்கள். கொல்லன் அந்த இலையின் வடிவப்படி முனையைச் செய்து வைத்தால் பிறகு இன்னும் இறைச்சி கொண்டு வந்து தருவார்கள். செய்யாவிட்டால் ஒரு நாள் இரவில் அவன் மேல் அம்பு பாயும்.

இதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இந்த இலை என்ன? முழு அளவில் வரைந்த பொறியியல் வரைபடம் அல்லவா! நீளம், அகலம், விளிம்பின் வளைவு எல்லாம் அதில் இருக்கிறது. முன்பணம் பக்கத்தில் தொங்குகிறது. தரக் கட்டுப்பாடு பற்றிக் கொல்லனுக்குச் சந்தேகமே இருக்க வழியில்லை. என் தொழிலில் வாடிக்கையாளரோடு மாதக் கணக்கில் கடிதப் போக்குவரத்து நடத்தியும் கிடைக்காத தெளிவு இந்த ஓர் இலையில் இருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வேடர் கொல்லனிடம் போனது இலை வடிவ முனைக்கு மட்டும்தான். மரத்திலோ எலும்பிலோ முனை வேண்டும் என்றால் கத்தியால் தானே சீவிக்கொள்ளலாம். இறைச்சி கொடுத்து வாங்க வேண்டிய இரும்பை, புதருக்குள் போய்த் தொலையப்போகும் அம்பில் யார் வைப்பார்கள்?

இந்தக் கேள்வியோடுதான் நம் ஊருக்கு வர வேண்டும். நாம் படாளம் கூட்டுச் சாலையில் இறங்கி, சர்க்கரை ஆலையின் பாகு வாசனையைப் பிடித்துக்கொண்டு நான்கு ஆண்டுகள் நடந்தோம். வேடந்தாங்கல் போகும் வெளியூர்க்காரர்களுக்கு வழி சொன்னோம். ஆனால் பக்கத்துச் செம்மண் மேடுகளில் இருந்ததைப் பார்க்கவில்லை. பாலாற்றுக்குத் தெற்கே மதுராந்தகம் வரைக்கும், அதற்கு அப்பாலும், ஏரிக்குப் பக்கத்து மேட்டு நிலங்களில் இரும்புக் கால மக்களின் கல்வட்டங்கள் இருக்கின்றன. அச்சிறுபாக்கம் பக்கத்துப் பெரும்பேர்க்கண்டிகையில் அலெக்சாண்டர் ரீ 1908 வாக்கில் தோண்டினார். மதுராந்தகத்துக்குப் பக்கத்துச் சானூரில் 1950இலும் 1952இலும் இந்தியத் தொல்லியல் துறையின் என்.ஆர்.பானர்ஜியும் கே.வி.சௌந்தரராஜனும் அகழாய்வு செய்தார்கள். அறிக்கை 1959இல் வந்தது. காலுள்ள சுடுமண் ஈமப்பேழைகள், கருப்பு சிவப்புப் பானைகள், இரும்புப் பொருட்கள். அந்த இரும்பில் அம்பு முனைகளும் உண்டு. தெற்கே ஆதிச்சநல்லூரில் இதே ரீ 1899 முதல் எடுத்த இரும்பு ஆயுதங்களைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் நீங்கள் பார்த்திருக்கலாம். பள்ளிச் சுற்றுலாவில் ஐந்து நிமிடம் நின்று கடந்து போன அதே கண்ணாடிப் பெட்டிதான்.

தமிழ்நாட்டில் இரும்பு எவ்வளவு பழையது என்ற கணக்கும் மாறிக்கொண்டே வருகிறது. மயிலாடும்பாறையில் கிடைத்த காலக் கணிப்பு கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்கள். சிவகளை மாதிரிகளை வைத்து கி.மு. நான்காம் ஆயிரம் ஆண்டு வரைக்கும் போகலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிக்கை வெளியிட்டது. எது எப்படியானாலும், உலைக்களத்தில் ஊதி ஊதி எடுத்த இரும்பு அந்தக் காலத்தில் மலிவான பொருள் அல்ல. அதை இறந்தவரோடு வைத்தார்கள்.

அருங்காட்சியகப் பெட்டியின் முன்னால் இரண்டாவது முறை நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. இங்கே இருப்பது மிச்சிகன்காரரின் முதல் டப்பா மட்டும்தான். இரண்டாவது டப்பா எங்கே? அது மரம், எலும்பு, மண் உண்டை. கல்லறையில் வைக்கும் அளவுக்கு மதிப்பும் இல்லை, வைத்திருந்தாலும் மக்கிப் போயிருக்கும். மானையும் பகைவனையும் வீழ்த்திய முனை தங்கிவிட்டது. தினசரிச் சட்டிக்கு முயலும் கௌதாரியும் கொண்டு வந்த முனை போய்விட்டது. நாம் பார்ப்பதை மட்டும் வைத்து, "அக்காலத் தமிழர் இரும்பு அம்பால் வேட்டையாடினர்" என்று ஒரே வாக்கியத்தில் எழுதிவிடுகிறோம். அவர்கள் சாப்பிட்டதில் பெரும் பங்கு அந்த வாக்கியத்துக்குள் வராமலே போயிருக்கலாம் என்பது என் எண்ணம். தொல்லியல் படித்தவர்கள் மறுத்தால் கேட்டுக்கொள்கிறேன்.

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாம் ஆண்டில், ஞாயிறு மாலைகளில் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரு மேட்டில் கிரிக்கெட் ஆடுவோம். வட்டமாகக் கற்கள் கிடந்தன. "எல்லைக் கோடு யாரோ போட்டு வெச்சிருக்காங்கடா" என்று சொல்லிச் சிரித்திருக்கிறோம். பந்து வீச்சாளர் முனையில் ஸ்டம்ப் வைக்கக் கல் வேண்டும் என்று இரண்டு கற்களைப் பெயர்த்து உருட்டிக்கொண்டு போனவர்களில் நானும் ஒருவன். ஆடு மேய்க்க வந்த பெரியவர் ஒருவர் மட்டும், "அது பாண்டவர் குழி தம்பி, அதுல கை வெக்காதீங்க" என்றார். நாங்கள் மரியாதையாக, "சரிங்க தாத்தா" என்று சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தோம். சானூர் அறிக்கையில் கல்வட்டத்தின் படத்தைப் பார்த்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தப் பெரியவரின் குரல்தான். 2023இல் காரை நிறுத்தி அந்த மேட்டைத் தேடினேன். பாதி மேட்டில் கிராவல் எடுத்துவிட்டார்கள். எங்கள் இரண்டு கற்களும் கிடைக்கவில்லை. வட்டத்தில் ஐந்தாறு கற்கள் மிச்சம் இருந்தன.

வேட்டையைப் பற்றிப் பேசிவிட்டுச் சட்டத்தைப் பற்றிப் பேசாமல் இருக்கக் கூடாது, மாணவத் தம்பிகளும் படிக்கிற மலர் இது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆயுதம் என்பதற்கான விளக்கத்திலேயே வில்லும் அம்பும் பெயர் சொல்லி இடம் பெற்றிருக்கின்றன. வலை, கண்ணி, விஷம் எல்லாம் அதே பட்டியலில். ஆகவே மிச்சிகன் டப்பாவை இங்கே கொண்டு வந்து மானையோ முயலையோ குறி வைத்தால் நேராகச் சிறைதான். அதற்கு வெகு காலம் முன்பே நம் பகுதி ஜனங்கள் வேடந்தாங்கலில் பறவைகளைச் சுட வந்த வெள்ளைச் சிப்பாய்களைப் பற்றிப் புகார் செய்து, 1798இல் அன்றைய கலெக்டர் லயனல் பிளேஸிடம் ஏரிப் பறவைகளுக்குப் பாதுகாப்பு வாங்கியிருக்கிறார்கள். வேட்டைக்காரர்களிடமும் அளவு இருந்தது. குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், கண்ணப்பர் முதல் வேட்டைக்குப் போனதைப் பாடும்போது, கூட வந்த வேடர்கள் யானைக் கன்றுகளையும் விலங்குக் குட்டிகளையும் சினையாக இருந்தவற்றையும் விட்டுவிட்டார்கள் என்று மெனக்கெட்டுச் சொல்கிறார். எதற்கு எந்த முனை என்று தெரிந்தவர்களுக்கு, எதன் மேல் எந்த முனையும் கூடாது என்பதும் தெரிந்திருக்கிறது. மாமல்லபுரம் போனால் வராகக் குகையில் கொற்றவையின் பக்கத்தில் சிங்கத்தோடு மானும் இருப்பதைப் பாருங்கள். வேடர்களின் தெய்வத்துக்கு மான்தான் துணை.

கடைசியாக, என் ஆராய்ச்சியின் செய்முறைப் பகுதி! நாக்ஸ் சொன்னதைச் செய்து பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வந்தது. போன ஆண்டு ஊருக்கு வந்தபோது நம் வளாகத்து நெட்டிலிங்க மரத்திலிருந்து ஓர் இலையைப் பறித்துக்கொண்டு, சாலையோரத்தில் கலப்பைக் கொழுவும் அரிவாளும் அடிக்கும் ஒரு கொல்லுப் பட்டறைக்குப் போனேன். இறைச்சி கொண்டு போகவில்லை, தேநீர் மட்டும் வாங்கிப் போனேன். "அண்ணே, இந்த வடிவத்துல இரும்புல ஒண்ணு அடிச்சுத் தரணும். காட்சிக்கு வெக்கத்தான், வேற எதுக்கும் இல்ல" என்றேன்.

அவர் இலையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "ஓரம் இப்படி நெளிநெளியா வேணுமா, நேரா வேணுமா சார்?" என்று கேட்டார். நேராக என்றேன். "கனம்?" அது இலையில் இல்லை! வேடருக்கும் கொல்லனுக்கும் நடுவே இலையில் வராத பேச்சு ஒன்று இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. அதைக் கொல்லன் தன் அனுபவத்தில் முடிவு செய்திருப்பான். "நீங்களே பார்த்துச் செய்யுங்க" என்றேன். பிறகு இலையைத் திருப்பிக் காம்பை விரலால் தொட்டார். "இந்தக் காம்பு அளவு வெச்சா மூங்கில்ல நிக்காது சார், ஆடிப் போயிடும். ரெண்டு விரக்கடை விடணும்" என்றார். அம்பு என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை.

முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு பழைய கம்பித் துண்டைக் காய்ச்சி, நீட்டி, தட்டையாக்கி, நடுவில் மெல்லிய தண்டு விட்டு அடித்தார். நான் தண்டு கேட்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "இல்லாட்டி மடங்கிடும்ல" என்றார். இரண்டாம் ஆண்டுப் பாடம் இரண்டே வார்த்தையில் முடிந்தது. கூலியாக நான் நீட்டியதில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இலை காய்ந்து என் நோட்டுக்குள் இருக்கிறது. முனையை மறுசந்திப்பு நாளன்று கொண்டு வருகிறேன், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இயந்திரவியல் துறை வாசலில் யார் வேண்டுமானாலும் கையில் வாங்கிப் பார்க்கலாம். தீட்டவில்லை, கையை வெட்டாது. அந்த மேட்டுக்கு வர விருப்பம் உள்ளவர்கள் மூன்று மணிக்குள் சொல்லிவிடுங்கள், என் காரில் நான்கு பேருக்கு இடம் இருக்கிறது. மட்டையும் பந்தும் வேண்டாம்.